அக்கா வீட்டில் தங்காத நாலு நாள்

எங்கள் குடியிருப்பில் பெண்களுக்கு மட்டும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அம்மா ஏன் வரவில்லை, தண்ணீர் லாரி எப்போது வரும் என்பதுதான் பெரும்பாலும் அதில் ஓடும். போன வாரம் நாலாவது மாடிப் பெண் ஒரு கேள்வி போட்டிருந்தாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து முதல்முறையாகச் சென்னைக்கு வருகிறார்கள், எங்கே தங்கவைக்கலாம்? ஐந்து நிமிடத்தில் முப்பது பதில்கள். போரூரில் ஒரு லாட்ஜ் சுத்தமாக இருக்குமாம். எழும்பூர் என்றால் ரயிலுக்குப் பக்கமாம். இன்னொருத்தி கேட்டாள், உன் வீட்டிலேயே இரண்டு படுக்கையறை இருக்கிறதே, எதற்கு லாட்ஜ்? அதற்கு அவள் எழுதிய பதில்: "பொண்ணு வீட்ல தங்க மாட்டாங்க. பேரனோ பேத்தியோ பொறந்தாத்தான் கை நனைப்பாங்களாம். பழைய ஆளுங்க." பக்கத்தில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகம். அதற்குக் கீழே இன்னும் பத்துப் பதினைந்து சிரிக்கும் முகங்கள்.

நான் பதில் எழுத ஆரம்பித்து அழித்தேன். மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். குழுவில் போடுகிற நீளம் இல்லை இது. அதனால் தனியாக எழுதுகிறேன்.

உங்களில் பலரும் என்னைப் போல முப்பதை எட்டிப் பார்க்கிறவர்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தது நான்தான் என்று சொல்லும்போது நமக்கெல்லாம் குரல் கொஞ்சம் உயரும். எனக்கு இன்றும் உயரும். பதினொரு வயதில் இன்னும் அதிகமாக உயர்ந்தது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு மூன்று வயதாகும்போது அம்மா இறந்துபோனாள். அக்காவுக்கு அப்போது பதினாலு. அவள் பள்ளிக்கூடத்துக்குள் காலடி வைத்ததில்லை, அம்மாவோடு களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பிறகு என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். எனக்கு ஐந்து வயதானதும் இடுப்பிலிருந்து இறக்கி, பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு, அங்கிருந்து அப்படியே வயலுக்குப் போனாள். சாயங்காலம் அவள் கையில் சேற்று வாசனை அடிக்கும். அந்தக் கையால் என் சிலேட்டைத் தொட விடமாட்டேன். "கழுவிகினு வா" என்பேன். கழுவிக்கொண்டு வருவாள்.

அக்காவின் கல்யாணத்துக்கு ஆரணியில் பாத்திரம் எடுத்தோம். கடைக்காரர் எவர்சில்வர் சொம்பில் அக்காவின் பேரை வெட்டினார். சின்ன மெஷின், பல் கூசும் சத்தம். வெட்டி முடித்ததும் சொம்பை என்னிடம் நீட்டி, "படிச்ச பொண்ணு நீ, சரியா வெட்டிக்கீறேனா பாரு" என்றார். எனக்கு எட்டு வயது. ஊரே என்னைப் பார்ப்பதுபோல் நிமிர்ந்து நின்று படித்துச் சொன்னேன். அக்கா அந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள். அவளுக்குத் தெரிந்த எழுத்து அவ்வளவுதான், சொம்பின் கழுத்தில் இருந்த அவள் பேர்.

ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. அவர்கள் குடும்பமும் ஒரு தலைமுறைக்கு முன்னால் ஏர் பிடித்ததுதான். மறுவீட்டுக்குச் சித்தப்பா போய்வந்தார், அப்பாவுக்குக் காலில் அடிபட்டிருந்தது. அதற்குப் பிறகு மூன்று வருஷம் அப்பா போகவில்லை. குழந்தை பிறக்கட்டும், போகலாம் என்று இருந்தார். எங்கள் பக்கத்து முறை அது. பெண் கொடுத்த வீட்டில், அவள் வயிற்றில் ஒன்று பிறக்கும்வரை, பெற்றவன் சாப்பிடவும் கூடாது, தங்கவும் கூடாது. மீறினால் பெண்ணை விற்றுத் தின்கிறான் என்று பேசுவார்கள்.

மூன்றாம் வருஷம் ஒருநாள், எங்கள் ஊர் மளிகைக்கடை போனுக்கு அக்கா கூப்பிட்டாள். அவள் பேசியது ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற போனில். அப்பா காதில் வைத்திருக்க, நான் அவர் கையைப் பிடித்து இழுத்து என் காதையும் ஒட்டிக்கொண்டேன்.

"அப்பா, நீயும் பாப்பாவும் வந்து நாலு நாள் தங்கிட்டு போங்கப்பா."

"வரேம்மா. தங்கறது எப்டிம்மா? முறை தெரியுந்தானே?"

"முறைய அப்பறம் பாத்துக்கலாம்பா. வந்து தங்கு. ஒருவாட்டி தங்கு."

காசு தீர்ந்து போன் நின்றது. தங்கு என்ற சொல்லை எத்தனை தரம் சொன்னாள் என்று எண்ணத் தோன்றியது எனக்கு இப்போதுதான். அப்பா போனை வைத்துவிட்டுக் கடைக்காரரிடம், "பாவம், ஊரு ஞாபகம் வந்துட்ச்சி போல" என்றார்.

எங்கே தங்குவது என்று டீக்கடையில் பேச்சு நடந்தது. லாட்ஜ் என்றார் ஒருவர், பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு லாட்ஜா என்றார் இன்னொருவர். கடைசியில் அப்பாவின் பழைய கூட்டாளி நினைவுக்கு வந்தார். அவரும் அப்பாவும் ஒரே ஏர் பூட்டியவர்கள். அவர் மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, காட்டுப்பாக்கத்தில் ப்ளாட் வாங்கி, அவரையும் கூட்டிப்போய் வைத்திருந்தான். "காட்டுப்பாக்கமும் மெட்ராஸ், ஆவடியும் மெட்ராஸ். பக்கத்துலதான இருக்கும்" என்றார் அப்பா. ஊரில் யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. என் பூகோளப் புத்தகத்தில் சென்னை ஒரே ஒரு புள்ளி.

சாயங்காலம் பூந்தமல்லியில் இறங்கினோம். டீசல் புகையும் நசுங்கிய வாழைப்பழத்தோலும் கலந்த நாற்றம். மாமா, அதாவது அக்காவின் புருஷன், கம்பெனியின் நீலச் சட்டையோடு எங்களுக்காகக் காத்திருந்தார். இரவு ஷிப்டோடு பகல் ஷிப்டும் சேர்த்து முடித்து நேராக வந்திருக்கிறார், கண் சிவந்திருந்தது.

"வாங்க மாமா. ஆவடி பஸ்ஸு அங்க நிக்குது."

அப்பா துணிப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "நாங்க காட்டுப்பாக்கம் போய்க்கறோம் மாப்ள. பொழுது விடிஞ்சி வந்து பாக்கறோம்."

"இன்னா மாமா இது? எங்க ஊட்ல எடமில்லியா?"

"எடத்துக்கு இன்னா மாப்ள. முறைன்னு ஒண்ணு கீதே."

மாமா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "நீயாச்சும் வாயேன் பாப்பா. உங்கக்கா காலைலேர்ந்து வாசலையே பாத்துகினு கீறா." நான் அப்பாவைப் பார்த்தேன். இரண்டு பஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில் உறுமிக்கொண்டு நின்றன. நாங்கள் போரூர் பக்கம் போகிறதில் ஏறினோம். நான் ஜன்னல் சீட்டுக்கு ஓடினேன்.

காட்டுப்பாக்கத்து வீட்டைப் பற்றி நான் பொய் சொல்லக் கூடாது. எனக்கு அது பிடித்திருந்தது. மூன்றாவது மாடி. தரை வழவழவென்று, நடந்தால் என் நிழல் கூடவே கீழே நடந்தது. குளியலறையில் திருகினால் தலைக்கு மேலிருந்து தண்ணீர் கொட்டியது. சோப்பு தண்ணீராக ஒரு புட்டியில் இருந்தது, எலுமிச்சை வாசனை. கூட்டாளி அப்பாவைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார். "மச்சான், இங்க வெத்தல போட்டா துப்பறதுக்கு எடமில்லடா. மூணு மாடி எறங்கி துப்பிட்டு ஏறி வரேன். பாதில மறுபடி ஊறிடுது" என்றார். அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த நாலு நாளில் அவர் அப்படிச் சிரித்தது அங்கேதான்.

கூட்டாளியின் மருமகளை அண்ணி என்று கூப்பிடச் சொன்னார்கள். அண்ணியின் மகள் என் வயது, இங்கிலீஷ் பள்ளி. அவளுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. காலையில் சாப்பாட்டு மேசையில் இங்கிலீஷ் பேப்பரை விரித்து அண்ணி என்னைப் படிக்கச் சொன்னார். நான் எழுத்துக்கூட்டி இரண்டு வரி படித்தேன். "பரவால்லியே! கிராமத்துப் பொண்ணு இப்டி படிக்குது" என்று தட்டில் இன்னொரு தோசை போட்டார். அந்தத் தோசையின் சூடு இன்னும் என் கையில் இருக்கிறது. நாளைக்கு நாலு வரி படிக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கோவில்பதாகை பக்கத்தில் இல்லை. காட்டுப்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி, அங்கே காத்திருந்து ஆவடி பஸ், பருத்திப்பட்டு தாண்டி ஆவடியில் இறங்கி, ஏரிப் பக்கமாக நடை. அண்ணி வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகுதான் நாங்கள் கிளம்ப முடியும். போய்ச் சேரும்போது பதினொன்றரை. இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்று நாலு மணிக்கே அப்பா எழுந்துவிடுவார்.

அக்கா வீடு வரிசை வீடுகளில் கடைசி. ஒரு அறை, ஒரு சமையல் இடம். கக்கூஸ் சந்தின் கோடியில், ஆறு வீட்டுக்கும் பொது. அக்கா வாசலில் நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை குச்சிபோல் ஆகியிருந்தது. வயிறு மட்டும் சேலைக்கு மேல் லேசாகத் தெரிந்தது. அப்பாவின் கண் அந்த வயிற்றில் ஒரு கணம் நின்று, வெட்கப்பட்டு, விலகியதை நான் பார்த்தேன்.

"வாங்க சம்பந்தி" என்றார் அக்காவின் மாமியார். அவரை நான் அத்தை என்று கூப்பிட்டேன். "மூணு வருசமா வழி தெரியலயோன்னு பாத்தேன்."

அப்பாவுக்கு நாற்காலியை வாசலில்தான் போட்டார்கள், அவர் உள்ளே வரவில்லை. அத்தை தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அக்கா அந்தச் சொம்பில் கொண்டுவந்தாள். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "இருக்கட்டும் சம்பந்தியம்மா, கொண்டாந்துக்கீறேன்" என்று பையிலிருந்து பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக் காட்டினார்.

"லாரித் தண்ணிதான் சம்பந்தி, குடிக்காம இருக்கறது ஒடம்புக்கு நல்லதுதான்" என்றார் அத்தை. பக்கத்து வீட்டு வாசலில் யாரோ சிரித்தார்கள். அத்தையின் குரல் இறங்கியது. "ஆனா ஒண்ணு. நீங்க அந்த பாட்டில தொறக்கறப்பல்லாம், இது புள்ளயில்லாத ஊடுன்னு தெருவுக்கே தண்டோரா போடறா மாதிரி கீது. எம் மருமவ மொகத்த பாருங்க."

அப்பா பாட்டிலைப் பைக்குள் வைத்தார். ஆனால் தங்குகிறேன் என்று சொல்லவில்லை. அக்காவைப் பார்த்து, "இளைச்சிட்டியேம்மா" என்றார்.

அதற்கும் அத்தைதான் பதில் சொன்னார். "வெரதம் சம்பந்தி. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம மண்சோறு. கோயில் தரையில சோத்த போட்டு, கைய பின்னால கட்டிகினு, வாயால எடுத்து சாப்புடணும். மத்த நாளு ஒரு வேளதான். யாரு செய்வா இவ்ளோ?"

அப்பாவின் முகம் தெளிந்தது. மகளுக்காக இவ்வளவு பாடுபடுகிறார்களே என்று நினைத்திருக்கிறார். திரும்பும்போது பஸ்ஸில் என் காதோரம், "வயிறு தெரியுது பாத்தியா? இருக்கும். சொல்றதுக்கு வெக்கப்படறா. அதான் வா வான்னு கூப்ட்டுக்கீறா" என்றார். அந்தச் சந்தோஷத்தில் பூந்தமல்லியில் எனக்கு ஒரு மசால்வடை வாங்கிக்கொடுத்தார்.

இரண்டாம் நாள். அப்பா வாசலில் நாற்காலியில், அத்தை உள்ளே ட்ரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு. அந்த வீட்டில் அவர் இல்லாத இடம் இல்லை, இருந்ததே ஒரு அறைதானே. அக்கா எனக்குத் தலை வாருகிறேன் என்று பின்பக்கம் கூட்டிப்போனாள். கொடியில் ஒரு பழைய சேலை, அதன் அடியில் மறைத்துப் போட்ட கிழிசல் துணிகள். கழுவியும் கறை போகாத துணிகள். ஒன்றிரண்டு இல்லை, வரிசையாக இருந்தன. எனக்கு அப்போது அதன் அர்த்தம் தெரியாது. யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்று நினைத்தேன்.

சீப்பை என் தலையில் வைத்தபடியே அக்கா ரகசியமாகச் சொன்னாள். "பாப்பா, அப்பாதான் தங்க மாட்டாரு. நீ இரேன். உனக்கு முறையெல்லாம் கிடையாது."

"எதுக்கு?"

"ஒரு சீட்டு கீது. நீ படிச்சி சொல்லணும். அது பெட்டிக்கு அடியில கீது, அத்த தூங்குனாத்தான் எடுக்க முடியும்."

"மாமாவ படிக்க சொல்லேன். அவரு பத்தாவதுதான?"

சீப்பு நின்றது. "அவருக்கு தெரியக்கூடாது. தெரிஞ்சா இவங்க என்ன ஊருக்கே அனுப்பிடுவாங்க. நீ படிச்சி, அப்பா கிட்ட நீயே சொல்லணும். என்னால அப்பாகிட்ட சொல்ல முடியாதுடி. பொம்பள சமாச்சாரம்."

நான் அப்பாவிடம் போய்க் கேட்டேன். அவர் தடுக்கவில்லை. "இருந்தா இரு. சின்னப் புள்ளைக்கு இன்னா முறை? உன் இஷ்டம்" என்றார்.

என் இஷ்டம். பெரிய ஊரில் எங்கே தங்குவது என்று என்னைக் கேட்டது அதுதான் முதல்முறை. நான் சந்தின் கோடியைப் பார்த்தேன். அந்தக் கக்கூஸ் கதவு பாதி உடைந்திருந்தது. காலையில் ஐந்து வரி படிக்க வேண்டும். அண்ணியின் மகள் கம்ப்யூட்டரில் வார்த்தை விளையாட்டு காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

"நாளைக்கு இருக்கேன்கா" என்றேன்.

"நாளைக்கா?"

"சத்தியமா."

மூன்றாம் நாள் காலை நான் பேப்பரில் ஐந்து வரி படித்தேன். அண்ணி கைதட்டினார். அன்றும் கோவில்பதாகைக்கு மாற்றுத்துணி எடுத்துப் போகவில்லை. அக்கா என் கையில் பை இருக்கிறதா என்று பார்த்தாள். அன்று அவளால் அதிக நேரம் உட்கார முடியவில்லை, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "காத்து வயிறு. வாயுதான். சுக்கு குடுத்துக்கீறேன்" என்றார் அத்தை. அவருக்கும் தெரியாது. அவரை நான் நெடுங்காலம் வெறுத்தேன், இப்போது முடியவில்லை. ஒரு அறை வீட்டில் ஒருத்தி தன் உடம்பில் நடப்பதை அவ்வளவு நாள் ஒளிக்க முடிந்தது என்றால், அவள் எவ்வளவு பயந்திருக்க வேண்டும்.

நாலாம் நாள் நாங்கள் ஊருக்குக் கிளம்புகிற நாள். கோவில்பதாகைக்கு வந்து, சொல்லிக்கொண்டு, ஆவடி வழியாகத் திரும்பினோம். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது பார்த்தால் அக்கா வருகிறாள். ஒவ்வொரு கம்பமாகப் பிடித்து நின்று நின்று வருகிறாள். ஒரு கையில் முந்தானையால் எதையோ மூடியிருந்தாள்.

"எதுக்கும்மா இவ்ளோ தூரம்?" என்று அப்பா ஓடினார்.

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. முந்தானையை விலக்கினாள். சொம்பு. நிறையத் தண்ணீர். வழியில் கொஞ்சம் தளும்பி அவள் சேலை நனைந்திருந்தது.

"இது எங்க ஊடு இல்லப்பா. ரோடு. இங்க குடிக்கலாமில்ல?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அப்பாவும் சிரித்தார். சொம்பை வாங்கக் கையை நீட்டினார், விரல் அதில் பட்டது. பிறகு என்ன நினைத்தாரோ, கையை எடுத்து அவள் தலைமேல் வைத்தார்.

"பொறக்கட்டும்மா. வந்து பத்து நாள் தங்கறேன். அப்ப உங்கையால வயிறாற குடிக்கறேன்."

அக்கா அப்பாவைப் பார்த்தாள். பிறகு தன் வயிற்றைப் பார்த்தாள். அவர் எதை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வாயைத் திறந்தாள். ரோட்டில் பத்துப் பேர் நின்றார்கள், அப்பாவின் முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

பஸ் வந்தது. ஏறி, ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அக்கா குனிந்து சொம்புத் தண்ணீரை ரோட்டோரச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். மெதுவாக, ஒரு சொட்டு வீணாகாமல், வயலில் நாற்றுக்கு ஊற்றுவதுபோல.

ஒன்றரை மாதம் கழித்து மளிகைக்கடைக்குப் போன் வந்தது. மாமா. சமையல் இடத்தில் விழுந்துவிட்டாளாம், ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம், உள்ளே கட்டி வெடித்திருக்கிறது என்றார்களாம். மறுநாள் விடியலில் முடிந்துவிட்டது.

பூந்தமல்லியில் இறங்கியதும் அப்பா யாரையும் கேட்கவில்லை. நேராக ஆவடி பஸ்ஸில் ஏறினார். ஆனால் அக்கா வீட்டில் அக்கா இல்லை. கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகாத பெண் இறந்தால் அதிகாரி வந்து விசாரித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம், அப்புறம்தான் உடம்பைத் தருவார்களாம். நாளைக் காலைதான் என்றார் மாமா. சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். "ஒரு வார்த்த சொல்லல மாமா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

அத்தை எங்கள் இரண்டு பேருக்கும் பாய் விரித்தார். அப்பா வாசல்படி தாண்டி உள்ளே வந்து, அந்தப் பாயில் உட்கார்ந்தார். அத்தை தண்ணீர் கொண்டுவந்தார், அதே சொம்பில். அப்பா வாங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் முழுதும் குடித்தார். காலிச் சொம்பைக் கழுத்தைச் சுற்றிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அக்கா செய்ததுபோலவே எழுத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"இன்னும் கொஞ்சம் குடுங்க சம்பந்தியம்மா" என்றார்.

அக்காவுக்குக் கட்டிவிடக் கூறைப்புடவை வேண்டும் என்று என்னைப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பூட்டாத ட்ரங்குப் பெட்டி. பெட்டியை நகர்த்தியபோது அடியில் விரித்திருந்த செய்தித்தாள் விலகியது. நாலாக மடித்த சீட்டு. அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு, நாங்கள் அந்த நாலு நாள் வந்ததற்கு ஒரு வாரம் முந்தைய தேதி. யாருக்கும் தெரியாமல் போய்வந்திருக்கிறாள். மேலே டாக்டரின் இங்கிலீஷ் கிறுக்கல், அது எனக்குப் புரியவில்லை. ஆனால் கீழே ஊதா மையில் ரப்பர் முத்திரை, நல்ல தமிழில், என் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை விடப் பெரிய எழுத்தில்: அறுவைச் சிகிச்சைக்கு உடனே சேரவும். உடன் தங்க ஒரு பெண் துணையை அழைத்து வரவும்.

அதைப் படிக்க எனக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? தோசை வாங்கிய அந்த இங்கிலீஷ் வரிகளை விடச் சுலபம்.

"இன்னாம்மா அது?" என்றார் அப்பா, பாயிலிருந்து. "இன்னா எழுதிக்கீது?"

எங்கள் வீட்டில் எழுத்து எதுவானாலும் என் வாய் வழியாகத்தான் போக வேண்டும். மின்சாரச் சீட்டு, ஓட்டுச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் நான்தான். அவற்றில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றிப் படித்ததில்லை.

"ஒண்ணுமில்லப்பா. ரேஷன் கடை சீட்டு."

அப்பா கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். "சரி. பத்திரமா வெச்சிக்கோ" என்றார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் கொடுமை ஏதாவது உண்டா, பெண் ஏதாவது குறை சொன்னாளா? இல்லிங்க, நல்லாத்தான் பாத்துக்கினாங்க என்றார் அப்பா.

"கடைசியா எப்ப வந்து பொண்ணு வீட்ல தங்குனீங்க?"

"வந்தேனுங்க. நாலு நாள் வந்தேன். தங்கலிங்க."

அதிகாரி ஏன் என்று கேட்கவில்லை. எழுதினார். எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டு என்று என்னிடம் நீட்டினார். நான் படித்தேன். "நான் என் மகள் வீட்டில் தங்கவில்லை" என்ற வரியையும் படித்தேன். என் பாவாடையின் இடுப்பு மடிப்பில் சீட்டு இருந்தது. அப்பா கட்டைவிரலை மையில் வைத்து அந்த வரிக்குக் கீழே உருட்டினார்.

பிறகு சீர்ப் பாத்திரங்களைத் திருப்பி அனுப்பினார்கள். குடம், அண்டா, தட்டு, எல்லாவற்றிலும் அக்கா பேர். சொம்பு மட்டும் வரவில்லை. அப்பா கேட்கவில்லை. கூட்டாளி இறந்த பிறகு காட்டுப்பாக்கத்தோடு தொடர்பு விட்டுப்போனது. அந்தக் குடியிருப்பு என் ஆபீஸ் பஸ் போகிற வழியில்தான் இருக்கிறது. பெயின்ட் மாறியிருக்கிறது. நான் அந்தப் பக்கம் உட்காருவதில்லை.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். ஐயப்பன்தாங்கலில் இருக்கிறோம், குழந்தை இல்லை. கல்யாணம் முடிந்த பத்தாம் நாளே அப்பா துணிப்பையோடு வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. ஒரு வாரம் இருந்தார். கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டார். என் கணவரின் உறவுக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், அவர் காதிலும் விழுந்தது, இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கினார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்துவிடுகிறார். படுக்கை கொடுத்தால் வேண்டாம் என்று என் அறை வாசலுக்கு நேரே பாயைப் போட்டுக்கொள்கிறார். காலையில் நான் கதவைத் திறந்ததும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"ஒடம்பு எப்டிம்மா கீது? பொய் சொல்லாத."

நல்லா இருக்கேன்பா என்பேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தச் சீட்டு என் பீரோவில் இருக்கிறது, மடித்த இடம் கிழிந்துவிட்டது. ஊதா மை மங்கிவிட்டது, ஆனாலும் படிக்கலாம். அதைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

நாலாவது மாடிப் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் சனிக்கிழமை வந்தார்கள். போரூர் லாட்ஜில் தங்கியிருக்கிறார்களாம். நேற்று லிப்டில் பார்த்தேன். மகளைப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள், அவளும் வழியனுப்பக் கூட வந்தாள். அவள் அப்பா நல்ல மனிதர், என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது.